ரசமட்டம்

அரவேணுவில் மட்டமான தரை என்று ஒன்று கிடையாது.
ஒரு கக்கூஸ் கட்டுவதென்றாலும்
மேலே வெட்டிக் கீழே கொட்டித்
தடுப்புச் சுவர் எழுப்பியாக வேண்டும்.
என் பிழைப்பு அதில்தான்.

மூன்றாம் மாதத்தில் யோகராணி சொன்னாள்:
பிள்ளை என் முகத்துல நிக்க மாட்டேங்குறா.

குனிந்து பார்த்தேன்.
இரண்டு கருமணிகளும்
இடம் வலம், இடம் வலம்,
தட்டிவிட்ட ரசமட்டத்துக் குமிழ் மாதிரி.
குமிழ் என்றால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.
சிமெண்டுக் கையோடு
பால் குடித்து அவள் தூங்கும்வரை காத்திருந்தேன்.
மூடிய இமைக்கு அடியிலும் ஏதோ ஓடியது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

கிரகணத்தன்று கொழுந்து பறிக்கப் போனாயா என்றார்கள்.
பேக்டரி மோட்டார் அதிர்ச்சி
வயிற்றுக்குள் இறங்கியிருக்கும் என்றார் பக்கத்து லைன் ஸ்டீபன்.
அவருக்கு மோட்டார் மீது வேறு கோபமும் உண்டு.

ஒன்பதாம் மாதம்
தர்ஷிகா தானாகவே ஒன்று கண்டுபிடித்தாள்.
முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு
வலது கடைக்கண்ணால் பார்ப்பாள், காக்கை போல.
அந்த ஓரத்தில் மட்டும் ஆட்டம் அடங்கும்.
அதனால் நாங்கள் அவளுக்கு வலப்பக்கமாக
வாழப் பழகினோம்.
சோறு ஊட்டுவது அங்கே.
கிலுக்கு அங்கே.
வேலை முடிந்து வந்தால்
செருப்பைக் கழற்றி, சுற்றிப் போய், அங்கே உட்காருவேன்.

மாதம் ஒருமுறை மலையேறி வரும் டாக்டரம்மா
கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
இதில் கோளாறு இல்லை.
கண் ஓய்கிற இடம் ஓரத்தில் இருக்கிறது,
பிள்ளை அதைத் தேடிப் போகிறாள்.
டோக்கன் சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் வரைந்தார்.
இருபுறமும் இரண்டு வார்.
இதை அவிழ்த்து இங்கே தைப்போம்.
கண்ணுக்கு இரண்டு தசை, மொத்தம் நாலு.

எவ்வளவு தள்ளி?

ஏழு மில்லி. எட்டு.

இரண்டரை நூல்.
அவ்வளவு பிசகினால்
எங்கள் மேஸ்திரி சுவரைப் பிரிக்கச் சொல்லுவார்.

ஆட்டம் நின்றுவிடுமா என்றாள் யோகராணி.
நிற்காது.
அடங்குகிற இடம் நடுவுக்கு வரும்.

எனக்குப் புரிந்தது.
பஸ் ஸ்டாண்டு வரும்வரை
அதை அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன்.
நிக்காதுன்னா எதுக்குக் கத்தி, என்றாள்.
என்னிடம் பதில் இல்லை.

கீழே கோயம்புத்தூரில்,
விடியற்காலை நாலு மணிக்குமேல் பால் கூடாது.
எட்டரை வரை பிள்ளை மார்பைத் தேடி அழுதது.
யோகராணி பச்சைத் தண்ணீரும் தொடவில்லை.
ஜாக்கெட் நனைந்து வெள்ளையாகக் காய்ந்தது.
நர்ஸ் வந்து இரண்டு கொலுசையும் கழற்றி
பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.
கதவு மூடிக்கொண்டது.
நான் தரையைப் பார்த்தேன்.
யாரோ சிந்திய தண்ணீர்
எந்தப் பக்கமும் ஓடாமல்
விழுந்த இடத்திலேயே கிடந்தது.

திரும்பும்போது குஞ்சப்பனையில் யானை.
டிரைவர் விளக்கணைத்து வண்டியை நிறுத்தினார்.
பலாப்பழ வாசம், மூத்திர வாசம்,
நாற்பது பேர் மூச்சு.
மடியில் அவள் கண் திறந்தாள்.
வெள்ளை விழி முழுக்கச் செம்பருத்தி.
வழிந்ததைத் துண்டால் ஒற்றினேன்,
வெளிறிய சிவப்பு.
யானை எப்போது போனது என்று தெரியாது.

பதினோராம் நாள் சாயங்காலம்
பழக்கத்தில் இருவரும் அவள் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தோம்,
ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டு.
அவள் திரும்பவில்லை.
நேராக,
யாருமே இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அங்கே ஒரு ஈரச் சுவர்,
ஆணியில் என் தூக்குக்குண்டு.

யோகராணி கிண்ணத்தோடு தரையில் தேய்த்தபடி
மெல்ல நகர்ந்து எதிரே போனாள்.
கருமணி இன்னும் நடுங்கத்தான் செய்தது,
லேசாக, ஆறிக்கொண்டிருக்கும் டீயின் மேல்பரப்பு போல.
கை நீண்டது.
தடவாமல், தேடாமல்
மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது.
ஐயோ விடுடி, என்று கத்தினாள்,
விடச் சொல்லும் குரலாக அது இல்லை.

நீயும் இங்க வா என்றாள் என்னை.
வருகிறேன் என்றேன்.
இன்னும் கொஞ்ச நேரம்
வலப்பக்கமே உட்கார்ந்திருந்தேன்.
அவள் என்னை முதலில் பார்த்த இடம் அது.